பஞ்சுவுக்கு வைத்த நத்தை ஓடுகள்

காட்டுக் குளம் ஒன்றின் கரையில், வெடுக்கி என்ற கீரிக்குட்டி தன் அப்பாவோடு வாழ்ந்துவந்தாள்.

அந்தக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. அதனால் தாகம் எடுத்தவுடன் யாரும் தண்ணீரில் வாய்வைத்துவிட முடியாது. முதலில் கரையைப் படிக்க வேண்டும்.

கரையில் எழுதுவது மடையானின் வேலை. மடையான் என்பது கொக்கு இனத்துப் பறவை. பகலெல்லாம் தண்ணீரில் அசையாமல் நிற்பதால், முதலை எங்கே படுத்திருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும். பொழுது சாயும்போது ஈரக் களிமண்ணில் அலகால் ஒரு கோடு கிழிக்கும். கோட்டின் தலையில் ஒரு கொக்கி போடும். கொக்கி தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தால் இறங்கிக் குடிக்கலாம். காட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் முதலை துறையிலேயே கிடக்கிறது என்று பொருள். அன்றைக்கு மலைமேல் இருக்கும் ஊற்றுக்குத்தான் நடக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் மடையான் மரத்துக்குப் பறந்துவிடும். பிறகு அவரவர் வந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெடுக்கியைப்போல வேகமாகக் கரையைப் படிக்கிறவர் அந்தக் காட்டில் இல்லை. ஓடிவரும்போதே படித்துவிடுவாள். அவள் அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. மாலையானால் அவளைத்தான் கூப்பிடுவார்.

"கண்ணுல தூசி விழுந்துடுச்சும்மா. கொக்கி எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்லு."

இன்னொரு நாள், "வெயில்ல நடந்தது, தலை சுத்துது. நீயே பார்த்துடு" என்பார்.

வேறொரு நாள், "என் பொண்ணு இருக்கும்போது நான் எதுக்குக் குனியணும்?" என்பார்.

வெடுக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்துச் சொல்வாள். நாள் முழுவதிலும் அவளுக்குப் பிடித்த நேரமே அதுதான்.

அதே கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குட்டியும் இருந்தான். உடம்பெல்லாம் முள்ளாக இருந்தவனுக்கு அவன் அம்மா ஆசையாக வைத்த பெயர் பஞ்சு. மண்ணுக்கடியில் கிழங்கு எங்கே இருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் கரையைப் படிக்க மட்டும் வரவில்லை. கொக்கியைக் கூர்ந்து பார்ப்பான். ஒரு பார்வைக்குத் தண்ணீர்ப் பக்கம் என்று தோன்றும். மறு பார்வைக்குக் காட்டுப் பக்கம் என்று தோன்றும்.

"டேய் மடையா, இதுகூடவா தெரியல?" என்றாள் வெடுக்கி ஒருநாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மரத்தில் இருந்த மடையான் திரும்பிப் பார்த்தது. "என்னம்மா, என்னையா கூப்பிட்டே?"

முயல்கள் உருண்டு புரண்டு சிரித்தன. பஞ்சு சிரிக்கவில்லை. வெடுக்கியின் அப்பாவும் சிரிக்கவில்லை. பாதத்தில் முள் குத்தியதுபோலக் குனிந்து, எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மடையான் ஒரு காரியம் செய்தது. கொக்கியைக் காட்டுப் பக்கம் போட்டுவிட்டு, கோட்டின் அடியில் உடைந்த நத்தை ஓடுகளைப் பரப்பி வைத்தது.

"பஞ்சு, இனிமே கண்ணால பார்த்துக் குழம்ப வேண்டாம். காலால மிதிச்சுப் பாரு. ஓடு குத்தினா முதலை இருக்கு, திரும்பிடு. குத்தலைன்னா இறங்கிக் குடி."

பஞ்சு மிதித்தான். "ஆ, குத்துது!" என்று துள்ளினான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் காலில் குத்து வாங்கி அந்தக் காடு பார்த்ததில்லை.

தண்ணீருக்குள் கிடந்த முதலை தலையை லேசாகத் தூக்கி, "இவங்களுக்குப் படிப்பு ஏற ஏற எனக்குத்தான் வயிறு காயுது" என்று முனகிவிட்டு மூழ்கியது.

வெடுக்கிக்கோ வயிறு எரிந்தது. நேராக மடையானிடம் போனாள்.

"நான் பாடுபட்டுப் படிச்சேன். அவனுக்கு மட்டும் ஓடா? இது என்ன நியாயம்?"

"உனக்கும் வேணும்னா மிதிச்சுக்கோ. யார் வேண்டாம்னா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"அப்போ அவன் மிதிக்கறதுல உனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

"அவன் சோம்பேறி. அதான் படிக்கல."

"சோம்பேறியா? நீங்கல்லாம் தூங்கப் போனப்புறமும் அவன் இங்கேதான் உட்கார்ந்து கொக்கியைப் பார்த்துக்கிட்டிருப்பான். அவன் கண்ணுல கோளாறு இல்லை, புத்தியிலும் குறை இல்லை. இந்தக் கோடு மட்டும் அவன்கிட்ட நிலையா நிற்க மாட்டேங்குது. சில பேருக்கு அப்படி."

வெடுக்கி திரும்பி நடந்தாள். ஆனால் எரிச்சல் தணியவில்லை. காரணம் வேறு. ஓடுகள் வந்த நாளிலிருந்து அப்பா அவளைக் கூப்பிடுவதே இல்லை. கண்ணில் தூசி விழவில்லை, தலை சுற்றவில்லை. தனியாகத் துறைக்குப் போனார். பஞ்சுவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

"அப்பா, நான் படிச்சுச் சொல்லட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேண்டாம்மா. நான் பார்த்துக்கறேன். நீ போய் விளையாடு."

அவ்வளவுதான். 'என் இடத்தை அந்த முள்ளு பிடித்துக்கொண்டது' என்று வெடுக்கி முடிவு செய்துவிட்டாள்.

பிறகு ஒரு திட்டம் போட்டாள். மாலையில் எப்போதும் முதலில் வருபவன் பஞ்சுதான். ஓடுகளை எடுத்துவிட்டால் பேசாமல் தண்ணீரை நோக்கி நடப்பான். அவன் இறங்கப் போகும் நேரத்தில், "நில், கொக்கி காட்டைப் பார்த்திருக்கு!" என்று கத்தித் தடுக்க வேண்டும். அவன் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவுக்கும் தன் அருமை தெரிந்துவிடும்.

அன்று பொழுது சாய்ந்தது. மடையான் கொக்கியைக் காட்டுப் பக்கம் போட்டு, ஓடுகளைப் பரப்பிவிட்டுப் பறந்தது. வெடுக்கி ஓடுகளைப் பொறுக்கி நாணல் புதருக்குள் கொட்டினாள். களிமண்ணைத் தடவிச் சமமாக்கினாள். பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பஞ்சு வரவில்லை. வழியில் ஒரு கிழங்கு அவனைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

வந்தது அப்பா.

அவர் கோட்டருகே நின்றார். குனியவில்லை. முன்காலை நீட்டி மண்ணைத் தடவினார். இடப்பக்கம் தடவினார். வலப்பக்கம் தடவினார். பிறகு நிம்மதியாகத் தண்ணீரை நோக்கி நடந்தார்.

"அப்பா, கோட்டைப் பாருங்க!" என்று கத்தினாள் வெடுக்கி.

அப்பா நின்றார். திரும்பி வந்து கோட்டைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து, கொக்கியை நேருக்கு நேராகப் பார்த்தார். அது காட்டுப் பக்கம் பளிச்சென்று திரும்பியிருந்தது.

"பார்த்துட்டேம்மா" என்றார். மறுபடியும் தண்ணீரை நோக்கி நடந்தார்.

கண்ணில் விழுந்த தூசி, வெயிலில் சுற்றிய தலை எல்லாம் ஒரே நொடியில் வெடுக்கிக்கு விளங்கியது. முதலை என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அப்பாவின் கால்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன. அவருக்கு முன்னால் ஒரு மரக்கட்டை மெல்ல நகர்ந்தது. அது மரக்கட்டை இல்லை.

அப்போதுதான் பஞ்சு நாணல் புதர் வழியாக வந்தான். காலில் ஏதோ குத்தியது. குனிந்து முகர்ந்தான். இருக்கக் கூடாத இடத்தில் நத்தை ஓடுகள். முட்கள் சலசலக்கச் சிலிர்த்துக்கொண்டு கூவினான்.

"மாமா, ஓடு! ஓடு!"

அப்பா ஒரே தாவலில் கரையில் விழுந்தார். முதலையின் வாய் பட்டென்று மூடியது. அப்பாவின் வால் நுனியில் கொஞ்சம் முடி மட்டும் அதன் பல்லோடு போயிற்று.

மூச்சு வாங்கியது அடங்கியபின் அப்பா கேட்டார். "ஏண்டா பஞ்சு, நத்தை ஓடுன்னு சொன்னியா, ஓடிப் போன்னு சொன்னியா?"

"ரெண்டும்தான் மாமா."

வெடுக்கி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். "ஓட்டை எடுத்தது நான்தான்" என்றாள். அவள் அழுதுகொண்டே அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குப் படிக்க வராதுன்னு என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அப்பா நனைந்த வாலை நக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீ பஞ்சுவை என்னன்னு கூப்பிட்டேன்னு நானும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்."

வெடுக்கி நாணல் புதருக்குள் போனாள். ஓடுகளை வாயில் அள்ளி வந்து, கோட்டின் அடியில் முன்பிருந்ததைவிட அகலமாகப் பரப்பினாள். நாக்கில் குத்தியது. பிறகு பஞ்சுவின் எதிரில் வந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சுடு, பஞ்சு. இது சரியா இருக்கா, நீயே பார்த்துச் சொல்லு."

பஞ்சு காலை வைத்தான். "நல்லா குத்துது" என்றான். அப்பாவும் காலை வைத்துப் பார்த்தார். இந்தமுறை யாருக்கும் தெரியாமல் தடவவில்லை, எல்லோரும் பார்க்கவே மிதித்தார்.

கற்கத் தடுமாறும் ஒருவருக்குக் கொடுத்த துணையைச் சலுகை என்று பொறாமைப்பட்டுப் பறிப்பவர், வெளியே சொல்லக் கூசி அதே துணையை நம்பி நடக்கும் தம் வீட்டாரின் வழியையும் சேர்த்தே அழிக்கிறார்.