ஒரே பானை நியாயம்

கீழைக்கோட்டையை ஆண்ட வழுதிராயருக்கு மல்யுத்தம் என்றால் ராஜாங்க வேலைகூடப் பிறகுதான். அவர் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டிக்கு ஒரு மாதம் முன்பே மோதப்போகும் இரண்டு மல்லர்களையும் அரண்மனைக்கு அழைத்து வந்து, ஒரே பானையில் வடித்த சோற்றைத்தான் போடுவார்கள். ஒருவனுக்கு முட்டை என்றால் மற்றவனுக்கும் முட்டை. இதற்கு ஒரே பானை நியாயம் என்று பெயர். தோற்றவன் சாப்பாட்டின்மேல் பழி போட முடியாது.

அந்த வருஷம் மோதவிருந்தவர்கள் அரண்மனை மல்லன் மாடக்கோனும், தளவாய் மன்றாடியார் வளர்த்த உறங்காப்புலியும். போட்டிக்கு முதல் நாள் தளவாய் சபையில் எழுந்தார். மாடக்கோன் தினமும் வைத்தியர் செவ்வந்தியப்பரின் அறைக்குப் போய் ஏதோ லேகியம் விழுங்குகிறானாம். பானையில் இல்லாத ஒன்று அவன் வயிற்றுக்குள் போகிறது. அது என்ன, எதற்கு என்று சபைக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

வைத்தியரை வரவழைத்தார்கள். அவர் கரண்டியும் கையுமாக வந்தார்.

"உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஒன்று இவனுக்குச் சுரப்பது நின்றுவிட்டது. அதை நான் வெளியிலிருந்து கொடுக்கிறேன். மற்றவர்களுக்கு இயல்பாக இருக்கும் அளவுக்குத்தான். அதைத் தாண்டவில்லை."

"எது சுரக்கவில்லை?" என்றார் தளவாய்.

"அதை அவன்தான் சொல்ல வேண்டும்."

சபை மாடக்கோனைப் பார்த்தது. சிலர் அவன் மீசையைப் பார்த்தார்கள். சிலர் வேறெங்கோ பார்த்தார்கள். கோதாவைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் வாய் எப்படிப்பட்டது என்று மாடக்கோனுக்குத் தெரியும். அங்கே உடற்குறையை வைத்து ஒரு பட்டப்பெயர் விழுந்தால் பேரன் காலத்திலும் நிற்கும். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நாளைக்கு இறங்கமாட்டேன், ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்றான்.

தளவாய் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எதிராளி எண்ணெய் தடவியிருந்தால் தொட்டுப் பார்த்துவிடலாம். ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று யார் தொட்டுப் பார்ப்பது?

அரசர் விகடகவி ஆதிச்சனைப் பார்த்தார். "நாளைக்குப் போட்டி நடக்க வேண்டும். ஒரே பானை நியாயம் மீறப்படக் கூடாது. மாடக்கோன் ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஒன்று குறைந்தாலும் நாளை முதல் நீ தலைப்பாகை இல்லாமல்தான் சபைக்கு வர வேண்டும்."

ஆதிச்சன் முதலில் தளவாயிடம், உங்கள் வீட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர் யார் என்று கேட்டான். இவர்தான் என்றார் தளவாய். அவர் அளவு சொல்வதை நம்பித்தானே விழுங்குகிறீர்கள் என்றான். விழுங்குவது வேறு, நம்புவது வேறு என்றார் தளவாய்.

ஆதிச்சன் பெருமூச்சு விட்டான். "சரி. குழம்பில் என்ன போட்டாய் என்று எந்த மல்லனாவது சமையற்காரரைக் கேட்டதுண்டா?"

"இல்லை."

"அவனுக்கு ஊற்றியதை எனக்கும் ஊற்று என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் நம் நியாயம் பங்கைத்தான் கேட்கச் சொல்கிறது, பக்குவத்தை அல்ல. வைத்தியர் அறையில் மாடக்கோனுக்குக் கிடைத்ததெல்லாம் உறங்காப்புலிக்கும் இப்போதே கிடைக்கட்டும்."

தளவாய் முகம் மலர்ந்தது. நல்ல மருந்து சும்மா கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்.

வைத்தியர் மட்டும் முரண்டு பிடித்தார். ஆளைப் பார்க்காமல் மருந்து தருவதில்லை. மாடக்கோனையும் தனியறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் தந்தேன் என்றார். அதுவும் பங்கில் சேர்ந்ததுதான் என்றான் ஆதிச்சன். தளவாயும் உள்ளே போக எழுந்தார். மாடக்கோனோடு யாரும் போகவில்லை என்று ஆதிச்சன் அவரை உட்கார வைத்தான்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே உறங்காப்புலியின் குரல் தாழ்வாகக் கேட்டது. பிறகு நிற்கவே இல்லை. அரசர் வெற்றிலை மென்று முடித்து, இன்னொரு சுருளும் மென்று முடித்தார்.

உறங்காப்புலி வெறுங்கையோடு வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. ஆனால் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவன்போல நடந்து வந்தான்.

"லேகியம் எங்கே?" என்று எழுந்தார் தளவாய்.

"எனக்கு அது தேவையில்லையாம்."

"அப்புறம் இவ்வளவு நேரம் என்ன பேச்சு?"

"வேற விஷயம்."

"என்ன விஷயம்?"

உறங்காப்புலி தரையைப் பார்த்தான். "அது எனக்கும் வைத்தியருக்கும் உள்ளதுங்க ஐயா."

"டேய், நான் உனக்குச் சோறு போட்டு வளர்த்தவன்."

"சோறு போட்டீங்க ஐயா. உடம்பு என்னுது."

தளவாய் வைத்தியர் பக்கம் திரும்பினார். நாளைக்கு இவன் இறங்கலாமா என்று கேட்டார். தாராளமாக இறங்கலாம் என்றார் வைத்தியர். அப்படியானால் இவனுக்கு என்னதான் குறை என்றார் தளவாய்.

வைத்தியர் கரண்டியில் ஒட்டியிருந்த லேகியத்தை வழித்துக்கொண்டே சொன்னார். "அதை அவன்தான் சொல்ல வேண்டும்."

அரசர் புருவத்தைச் சுருக்கினார். "ஆதிச்சா, மருந்து ஒருவனுக்குத்தானே கிடைத்தது? பங்கு சமமாகவில்லையே."

"மருந்து அவரவர் உடம்புக்குத் தக்கபடி, மகாராஜா. வெளியே சொல்லாத வைத்தியர்தான் பொதுப்பங்கு. அதில் இருவருக்கும் இப்போது ஒரே அளவு. தளவாய் விரும்பினால் மாடக்கோன் பங்கைச் சபையில் திறந்து காட்டச் சொல்லலாம். ஆனால் நம் நியாயப்படி, ஒன்றைத் திறந்தால் இரண்டையும் திறக்க வேண்டும்."

உறங்காப்புலி தலையைத் தூக்கித் தளவாயைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. தளவாய் உட்கார்ந்தார்.

"மூடியே இருக்கட்டும்," என்றார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் சால்வையை எடுத்து ஆதிச்சன் தோளில் போட்டார். சபை கலைந்ததும் அந்தப்புரத்துக்குப் போகாமல் வைத்தியர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் போட்டியில் மாடக்கோன் தோற்றான். கோதாவைச் சுற்றி நின்றவர்கள் அவனைக் கண்டபடி ஏசினார்கள். இடது காலை ஊன்றத் தெரியாத முட்டாள் என்றார்கள். பிடியை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறான் என்றார்கள். மாடக்கோன் உடம்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டான். எல்லாமே மல்யுத்தத்தைப் பற்றித்தான் இருந்தது.