கம்பத்தோடு ஒரு துண்டு

இசக்கியம்மாள் பதினைந்து வருடம் கபடி ஆடியவள். எதிரணிப் பக்கம் பாடிப் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். முழங்கால் கைவிட்டதும் அதே பெண்கள் அணிக்கு அவளைக் கோச் ஆக்கினார்கள். அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

யார் பாடிப் போனாலும் வெளியே நிற்கும் இவள் வாயும் "கபடி கபடி" என்று முணுமுணுக்கும். கால் தன்னால் நகரும். அரையிறுதி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விட்டாள், மகராசி. நடுவர் விசில் ஊதி எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். எப்படியோ தப்பிப் பிழைத்து ஜெயித்தார்கள்.

"நாளைக்கு இறுதி ஆட்டம். அதுலயும் உள்ள போனீங்கன்னா வேற கோச் பார்த்துக்கிடுவோம்" என்றார் அணியின் செயலாளர்.

கபடியை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அழாத குறையாகத் தன் பழைய கோச் செபத்தியான் மாஸ்டரைத் தேடிப் போனாள். அவர் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், என்னால வெளிய நிக்க முடியலை."

"அப்ப உள்ள போ. ஒரு தடவை பாடிட்டு வா."

வலிக்கிற காலோடு ஆளில்லாத களத்துக்குள் பாடிப் போனாள். மாஸ்டர் வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"கேக்கலை மாஸ்டர்."

"போன வாரம் நீ குடுத்துவிட்ட கோழிக் குழம்புல உப்பே இல்லைன்னு சொன்னேன். பதினஞ்சு வருஷம் கத்தினேனே, அதுல ஏதாவது கேட்டுச்சா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன் மாஸ்டர். ஒண்ணும் கேட்டதில்லை."

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை.

"திரும்பி வந்ததும் என்னளா செய்வே?"

"உங்களைத் தேடுவேன்."

"நான் எங்க நிப்பேன்?"

"விளக்குக் கம்பத்துக்கிட்டதான். இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, சாஞ்சு நிப்பீங்க. எவ்வளவு நெருக்கடின்னாலும் அசைய மாட்டீங்க. அந்த நிதானம்தான் எனக்கு வர மாட்டேங்கு."

மாஸ்டர் சிரித்துவிட்டார். தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். இரண்டு முனையும் முடிச்சுப் போட்டுப் போட்டே நைந்து போயிருந்தன.

"நிதானமாவது, மண்ணாவது. கம்பத்தையும் சேர்த்துல்லா கட்டியிருந்தேன்."

மறுநாள் இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசியாக இசக்கியின் அணியிலிருந்து பவுலின் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேர் காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டார்கள். தரையோடு தேய்ந்தபடி ஒரு கணம் தலையைத் தூக்கி இசக்கியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நடுக்கோட்டில் விரல் பட்டுவிட்டது.

ஜெயித்த சந்தோஷத்தில் புழுதி முகத்தோடு ஓடி வந்தாள்.

"நீங்க கத்தினது ஒண்ணும் கேக்கலைக்கா. ஆனா நீங்க பாட்டுக்குக் கம்பத்துல சாஞ்சு நின்னீங்கள்லா, அதைப் பார்த்ததும் என் பயமெல்லாம் போயிருச்சு. எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இவ்வளவு நிதானம்?"

இசக்கி முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, இறுகிப்போன முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.