முள்ளெலிக்கு முழுப் பராமரிப்பு

மலையடிவாரத்து முட்காட்டில் கொம்பையா என்னும் கரடி, பிச்சி என்னும் முள்ளெலி ஒன்றை வளர்த்து வந்தது. சிற்றுயிர் ஒன்றை வளர்ப்பது அக்காலத்தில் அந்தக் காட்டின் பெரிய விலங்குகளுக்குக் கௌரவமாகிவிட்டிருந்தது. காட்டெருமை ஒரு தும்பியை வளர்த்தது. காட்டுப்பன்றி ஒரு நத்தையை வளர்த்தது. ஒருநாள் அதன்மேல் தவறிப் படுத்துவிட்டது. மறுநாளே வேறொரு நத்தையை வளர்க்கத் தொடங்கிவிட்டது.

கொம்பையா அப்படிப்பட்டதன்று. பிச்சியைப் பார்த்தாலே அதற்குக் கண் கலங்கிவிடும். பிச்சி எதைத் தின்கிறது, எப்போது உறங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பவை மட்டுமே அதற்குத் தெரியாது. அன்பு மிகுந்தவர்களுக்கு இத்தகைய சில்லறை விவரங்கள் எதற்கு?

இலுப்பைப் பூ உதிரும் காலம் வந்தது. மலைக்கு அப்பாலுள்ள இலுப்பைத் தோப்புக்குப் போய் வயிறு நிரம்பத் தின்று வருவது கொம்பையாவின் வழக்கம். ஆண்டு முழுவதும் அது காத்திருப்பதே இந்தப் பருவத்துக்காகத்தான். பிச்சியின் குட்டைக் கால்கள் அவ்வளவு தூரம் தாங்கா. எனவே, பிச்சியை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கவலையோடு கொம்பையா பெரிய ஆலமரத்தடிக்குச் சென்றது. பிறர் வளர்க்கும் உயிர்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கேதான் கூடியிருந்தார்கள்.

முதலில் எதிர்ப்பட்டது முயல். தான் நாள்தோறும் மாலையில் பிச்சியின் வளைக்கே வந்து எட்டிப் பார்ப்பதாகவும், கொஞ்சம் கரையான் போட்டு, நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவதாகவும் அது சொன்னது.

கொம்பையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் பிச்சிக்கு இவ்வளவுதானா? இதை வழியில் போகிறவர்கூடச் செய்வாரே."

சொந்த வளையைவிட்டு நகர விரும்பாத உயிர்களுக்கு அதுவே போதும் என்று முயல் விளக்க முயன்றது. அதற்குள் கொம்பையா அடுத்தவரிடம் போய்விட்டது.

அடுத்தவர் நரியார். அவர் ஒரு தங்கும் விடுதி நடத்தினார். குளிர்ந்த பாறைக்குகை, ஆளுக்கொரு பொந்து, வந்து தங்கும் உயிர் தன் வீட்டையே மறந்துவிடும் என்றார். வீட்டை மறக்கப் பிச்சிக்கு விருப்பமுண்டா என்ற கேள்வி கொம்பையாவின் மனத்தில் எழவே இல்லை. குகை பெரிதாக இருந்தது. அதுவே அதற்குப் போதுமானதாக இருந்தது.

"ஒரே ஒரு குறை, அண்ணாச்சி," என்று நரியார் குரலைத் தாழ்த்தினார். "பழகத் தெரியாத பிராணி, அதிலும் குத்துகிற பிராணி. இதை நாலு பேர் தங்குகிற இடத்தில் எப்படி விடுவது?"

கொம்பையா கூசிப்போனது. இத்தனை காலம் பிச்சியை நாகரிகமின்றி வளர்த்துவிட்டோமே என்று வருந்தியது. குறையைக் கண்டுபிடித்த நரியாரே நிவர்த்திக்கும் வழி சொன்னார். பயிற்சி அளிக்கக் கிளி இருந்தது. ஒப்பனை செய்ய மந்தி இருந்தது. இருவரும் தற்செயலாக அவருடைய நண்பர்கள். மூன்று பராமரிப்புகளும் சேர்ந்தால் ஒன்றைவிட மும்மடங்கு சிறந்ததாகத்தானே இருக்க வேண்டும்? கொம்பையா தன்னிடமிருந்த தேனடைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது.

பயிற்சி உச்சிப்பொழுதில் தொடங்கியது. பகலெல்லாம் உறங்கும் பிச்சியை எழுப்பி, வெயிலில் நிறுத்தி, கிளி சோதித்துப் பார்த்தது. யாராவது நெருங்கினால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் வழக்கம் பிச்சிக்கு இருந்தது. விருந்தினருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை என்று கிளி தீர்ப்பளித்தது. பிச்சி சுருளும்போதெல்லாம் நெற்றியில் அலகால் ஒரு கொத்து விழுந்தது. சில நாட்களில் பிச்சி சுருளுவதை விட்டது. யார் வந்தாலும் உடலை நீட்டி, மூக்கை உயர்த்தி, "வாருங்கள், அமருங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது.

"ஐயா, நான் சுருளாமல் இருந்தால்..." என்று பிச்சி கொம்பையாவிடம் ஏதோ சொல்ல வந்தது.

"வெட்கப்படாதே, கண்ணு. போகப் போகப் பழகிவிடும்," என்றது கொம்பையா.

பிறகு மந்தி வந்தது. முட்களை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து, தோலோடு ஒட்ட நறுக்கியது. வேலை முடிந்ததும் கொம்பையா பிச்சியின் முதுகைத் தடவிப் பார்த்தது. உள்ளங்கையில் ஒரு குத்துக்கூட விழவில்லை. ஆனந்தத்தில் மீண்டும் ஒருமுறை தடவிப் பார்த்தது.

"இந்த அழகையெல்லாம் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?"

"முட்களுக்கு அடியில்தான், ஐயா. இனி எனக்கு என்ன இருக்கிறது?"

"நான் இருக்கிறேனே," என்றது கொம்பையா. அப்படிச் சொன்ன கையோடு பிச்சியை விடுதியில் விட்டுவிட்டு இலுப்பைத் தோப்பை நோக்கிப் புறப்பட்டது.

பாதி மலை ஏறியதும் கொம்பையாவின் மனம் கேட்கவில்லை. தான் இன்னும் கொஞ்சம் உருக்கமாக விடைபெற்றிருக்கலாம் என்று அதற்குத் தோன்றியது. கண்ணீர் விடும் வாய்ப்பை வீணாக்குவது அதன் இயல்பன்று. உடனே திரும்பி நடந்தது.

விடுதி வாசலை அடைந்தபோது உள்ளிருந்து பிச்சியின் குரல் கேட்டது. "வாருங்கள், அமருங்கள்."

கொம்பையா பூரித்துப்போனது. என்ன பணிவு, என்ன பண்பாடு என்று மெச்சியபடியே உள்ளே எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு நல்ல பாம்பு படமெடுத்து நின்றது. அதன் எதிரே, நறுக்கிய முட்களோடு, உடலை நீட்டி, மூக்கை உயர்த்திப் பிச்சி நின்றது. சுருள முனைந்தது, உடனே கொத்து விழுமென்று அஞ்சி மீண்டும் நிமிர்ந்தது.

"எத்தனையோ முள்ளெலிகளிடம் வாயைக் குத்திக்கொண்டு திரும்பியிருக்கிறேன்," என்றது பாம்பு. "என்னை உட்காரச் சொன்ன முதல் முள்ளெலி நீதான், தாயே."

பாம்பு தாக்கிய நொடியில் கொம்பையா பாய்ந்து தன் கையைக் குறுக்கே நீட்டியது. பாம்பின் வாய் நிறையக் கரடி மயிர் அகப்பட்டதே தவிர, பல் தோலை எட்டவில்லை. அது மயிரைத் துப்பிவிட்டுப் பாறையிடுக்கில் மறைந்தது. கொம்பையாவின் உள்ளங்கைக்கு அடியில் பிச்சியின் நெஞ்சு படபடத்தது.

சந்தடி கேட்டு நரியார், கிளி, மந்தி மூவரும் ஓடி வந்தார்கள். எவர் முகத்திலும் குற்ற உணர்வு இல்லை. மாணவி கடைசிவரை சுருளவில்லை என்பதைக் கேட்டுக் கிளி பெருமிதம் கொண்டது. பாம்புக்கு எங்கேனும் முள் குத்தியதா என்று மந்தி விசாரித்தது. இல்லை என்று தெரிந்ததும் தன் வேலைப்பாட்டை எண்ணித் திருப்தி அடைந்தது.

"இடம் கொடுப்பதுதான் என் தொழில், அண்ணாச்சி," என்றார் நரியார். "பாம்பும் நம் விடுதியில் தங்குகிறவர்தான். அவருக்கும் பொந்து கொடுத்திருக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை."

கொம்பையா உறும வாயைத் திறந்தது. உறுமல் வரவில்லை. அந்த மூவரும் அது கேட்டதைத்தான் செய்திருந்தார்கள், ஒன்றையும் குறைக்கவில்லை. கேட்டது யார் என்று எண்ணியபோது அதற்குத் தலை கவிழ்ந்தது. கவிழ்ந்த தலையோடு, வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வியை இப்போது கேட்டது.

"பிச்சி, உனக்கு என்னம்மா வேண்டும்?"

பிச்சி மெல்லச் சொன்னது: "என் வளை போதும், ஐயா. மாலையில் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் போதும். என் காவல் என் முதுகிலேயே இருந்தது."

"அப்படியானால் அந்த முயலையே வரச் சொல்லட்டுமா?"

"முன்பானால் முயல் போதும், ஐயா. இப்போது கரடி வேண்டும்."

அந்த ஆண்டு கொம்பையா இலுப்பைப் பூவை வாயில் வைக்கவில்லை. பிச்சிக்கு முள் முளைக்கும்வரை அதன் வளை வாசலில் படுத்துக் கிடந்தது. காற்று மலையைக் கடந்து வரும்போதெல்லாம் இலுப்பைப் பூவின் மணம் வந்து மூக்கைத் துளைத்தது. இடையில் ஒருநாள் மந்தி வந்து, முள் விரைவாக வளரத் தன்னிடம் புதியதொரு பராமரிப்பு இருப்பதாகப் பணிவோடு தெரிவித்தது. கொம்பையா தன் நகங்களை விரித்துக் காட்டியது. மந்தி அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆகையால், வளர்ப்போரே, உங்களை நம்பியிருக்கும் உயிருக்கு எது தேவை என்று அறியாமல் நீங்கள் தேடித் தரும் பராமரிப்பு, எத்தனை சிறந்ததாயினும், அந்த உயிரின் காவலையே பறித்துவிடும் என்பதை உணருங்கள்.