சாம்பாரோடு இட்லி

டாக்டர் மரியசூசைக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குப் பாடம் சொல்லித்தரும் ரஹீமாவுக்கு முப்பத்தொன்று. புற்றுநோய்க்கு எந்த மருந்தோடு எந்த மருந்தைச் சேர்த்தால் கேட்கும் என்று கம்ப்யூட்டரைச் சொல்லவைக்கும் வித்தை ரஹீமாவுடையது. டாக்டர் கூச்சமே இல்லாமல் அவரை ‘டீச்சர்’ என்பார்.

அன்று காலை டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“நூத்துக்குத் தொண்ணூத்தேழு, டீச்சர். பாடத்துல காட்டாம மறைச்சுவச்ச மருந்து ஜோடிகளைக் கேட்டேன், கம்ப்யூட்டர் புட்டுப்புட்டு வைக்குது. இன்னைக்கே நாகவல்லியம்மா செல்லுல போட்டுப் பாத்துரலாமா?”

நாகவல்லி அவருடைய நோயாளி. கொடுத்த மருந்தெல்லாம் கைவிட்டுவிட்டது. அந்த அம்மாவின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் ஆறே ஆறு ஜோடிகளைச் சோதிக்கத்தான் காணும். அதை வீணாக்கினால் வேறு கதியில்லை.

கம்ப்யூட்டருக்காக டாக்டர் தயாரித்த மருந்து ஜோடி அட்டவணையை ரஹீமா மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை.

“வாங்க, பசிக்குது,” என்று கேன்டீனுக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் நாலு விள்ளல் இட்லியை உள்ளே தள்ளினார். பிறகு ரஹீமா கேட்டார்.

“இட்லியோட சாம்பார் சாப்பிட்டீங்க. சாம்பாரோட இட்லி எப்படி இருக்கும்?”

“இதென்ன கேள்வி, ரெண்டும் ஒண்ணுதானே. இப்பத்தானே சாப்பிட்டேன்.”

“அப்ப இந்தப் பரீட்சையில உங்களுக்கும் நூத்துக்கு நூறு.”

டாக்டரின் கை பாதியில் நின்றது. அட்டவணையில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை இருந்தது, ஒருமுறை நேராக, ஒருமுறை தலைகீழாக. ஒன்றைப் பாடத்தில் வைத்துவிட்டு, அதன் இரட்டையைப் பரீட்சையில் கேட்டிருக்கிறார். படித்ததைத்தான் கம்ப்யூட்டர் ஒப்பித்திருக்கிறது. மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கை கழுவியும் கழுவாமலும் ஓடினார். இரட்டைகளை நீக்கி, முதலிலிருந்து படிக்கவைத்தார். சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“அறுபத்தெட்டு, டீச்சர். நாகவல்லியம்மாவுக்கு அது சொன்ன ஜோடிப் பட்டியலே மாறிப்போச்சு.”

ரஹீமாவுக்கு வாயெல்லாம் பல். கேன்டீனிலிருந்து கேசரி வரவழைத்து, ஆய்வுக்கூடம் முழுக்கக் கொடுத்தார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் புதுப் பட்டியலின் முதல் ஆறு ஜோடிகளைச் சோதித்தார்கள். ஐந்து பிசுபிசுத்தன. ஒன்றில் நாகவல்லியின் புற்றுச் செல்கள் கூண்டோடு செத்துக் கிடந்தன. அதே மருந்து ஊற்றிய பக்கத்துக் கிண்ணத்தில் நல்ல செல்கள் சௌக்கியமாக இருந்தன. பழைய பட்டியலில் இந்த ஜோடி இல்லவே இல்லை. அந்த அம்மா கைக்குப் போய்ச்சேர இன்னும் எத்தனையோ படி ஏறவேண்டும். அதனாலென்ன, டாக்டர் கண்ணைத் துடைப்பதும் மைக்ரோஸ்கோப்பில் குனிவதுமாகப் பத்துத் தடவை பார்த்தார். அவ்வளவு சந்தோஷம்.

“ஒண்ணு கேக்கணும், டீச்சர். தொண்ணூத்தேழுக்கு நீங்க சிரிக்கக்கூட இல்ல. அறுபத்தெட்டுக்குப் போய் எதுக்குக் கேசரி?”

“அன்னைக்குத்தானே டாக்டர், கம்ப்யூட்டர் தான் சாப்பிடாத பண்டத்தைப் பத்தி முதல் தடவையா வாயைத் திறந்துச்சு.”