பந்தை எறிந்த கை

ஒரு ஊரில் ஒரு வலக்கை இருந்தது. தூத்துக்குடியில் ஸ்டெல்லா என்ற கல்லூரிப் பெண்ணுக்கு அந்தக் கை சொந்தம் என்று ஊரார் நினைத்திருந்தார்கள். ஸ்டெல்லாதான் தனக்குச் சொந்தம் என்று வலக்கை நினைத்திருந்தது.

ஸ்டெல்லா பேஸ்பால் ஆடுகிறவள். பந்து எறிவது அவள் வேலை. சின்ன மண்மேட்டின் மேல் நின்று, எதிரே மட்டையோடு நிற்பவளைத் தாண்டி, பின்னால் குந்தியிருக்கும் தோழி இசக்கியின் கையுறைக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். மட்டைக்காரி சுதாரிப்பதற்குள் பந்து போய்விட வேண்டும். அவள் தெருவில் இதை யாருக்கும் விளக்கி மாளாது. ஸ்டம்பை எங்கேயோ தொலைத்துவிட்டு ஆடுகிற கிரிக்கெட் என்றே எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

வலக்கைக்கு இருந்த மவுசைச் சொல்ல வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் வந்து குலுக்குவது அதைத்தான். வலித்தால் ஐஸ்கட்டி அதற்குத்தான், தைலமும் அதற்குத்தான். சோறு உண்பது அது, சிலுவை போடுவது அது, கோப்பை வாங்குவதும் அது. அதே பந்துக்காக ஓடாய்த் தேய்ந்த இடக்காலுக்குக் கிடைத்ததெல்லாம் ஷூவுக்குள் கொஞ்சம் மண்.

இடக்கையின் கதை இன்னும் பரிதாபம். இரண்டு கையும் ஒரே நாளில் பிறந்தவைதான். ஆனாலும் இடக்கை வலக்கையை அக்கா என்றுதான் கூப்பிடும். சிறு வயதில் பங்குச் சாமியார் நீட்டிய மிட்டாயை அது ஆசையோடு முந்திப்போய் வாங்கிவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா ஜெபமணி பட்டென்று ஒன்று போட்டாள். "பெரியவங்க முன்னால இடது கைய நீட்டுவியாட்டி?" அன்றைக்குப் பின்னால் போனதுதான். அதன் பிறகு முன்னால் வரவே இல்லை.

பந்து எறியும்போதும் அப்படித்தான். வலக்கை மேலே எழும்பும். இடக்கை தன் தோல் கையுறையோடு நைசாக நழுவித் தொடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். எதிரே நிற்பவள் வேற்றூர்ப் பெண். அவள் முகத்துக்கு நேரே இடது கையை நீட்டினால் வளர்த்த வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பாள்?

திருச்சியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. கிளம்பும்போது ஸ்டெல்லாவின் அப்பா சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் எடுபடலைன்னா, பந்தத் தூக்கிப் பரணுல போட்டுரு. நாகர்கோவில்ல பெரியம்மா பார்லருக்குப் போ. புருவம் எடுக்கப் படிச்சா நாலு காசு பாக்கலாம்." ஸ்டெல்லா சரியென்று தலையாட்டினாள். பந்தை மட்டும் பையின் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வலக்கைக்கோ அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பந்தைப் பிடித்த விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் புருவத்தையெல்லாம் பிடுங்குவதா?

மைதானத்தில் ஓரமாக வேகமானி நின்றுகொண்டிருந்தது. பந்து போகும் வேகத்தைச் சொல்லும் யந்திரம். முகதாட்சண்யம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆளுக்கு மூன்று பந்து. அதில் ஒரு பந்தாவது மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரைத் தொட வேண்டும். ஸ்டெல்லா இதுவரை எண்பத்தைந்துக்கு மேல் போனதில்லை.

அவள் மேட்டில் ஏறியதும் வலக்கை உடம்பிலுள்ள எல்லாரையும் கூப்பிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இத்தனை நாளும் ஏன் தொண்ணூறு வரல? நீங்க போட்ட ஆட்டந்தான். கால் ஒரு பக்கம் சாடுது, இடுப்பு ஒரு பக்கம் திரும்புது. எனக்கு அது எடஞ்சலா இருக்கு. எறியப்போறது நான். இன்னைக்கு யாரும் அசையப்பிடாது."

இடுப்பு கொஞ்சம் பெரிய மனுஷி. எதற்கும் சட்டென்று கோபப்படாது. "ஒன் இஷ்டம் பிள்ளே. சும்மா நிக்கச் சொன்னா நிக்கப் போறோம், எங்களுக்கென்ன நோவுதா?" என்றது.

வலது முழங்கை மட்டும் முனகியது. அது பயந்த சுபாவம். ஸ்டெல்லா கிரிக்கெட் ஆடிய காலத்தில் 'மடக்காதே, மடக்காதே' என்று நடுவர்களிடம் வாங்கிய திட்டு இன்னும் அதன் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் காது ஏது என்று கேட்காதீர்கள். திட்டு வாங்கியவர்களுக்கு உடம்பெல்லாம் காது.

"ஒத்தையாவா எறியப் போற?" என்றது முழங்கை.

"ஏன், நீ இல்லையா?" என்றது வலக்கை.

முதல் பந்து போனது. கால் சொன்னபடி நின்றது, இடுப்பு சொன்னபடி நின்றது. வலக்கை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வீசியது.

"எழுபத்திரண்டு" என்றது வேகமானி.

வலக்கை அதை முறைத்தது. இரண்டாவது பந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தது.

"எழுபது" என்றது வேகமானி.

"யம்மா!" என்று கத்தியது முழங்கை. "கழண்டுரும் போலருக்கே!"

இசக்கி முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தாள்.

"என்னட்டி ஆச்சு? பந்து பஸ்ஸ விட்டுட்டு நடந்துல்லா வருது!"

"கையில உள்ள சத்தெல்லாம் போட்டுத்தாம்ட்டி எறியுதேன்." ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு பந்துதான் கெடக்கு. அதும் போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அழாத. அழுதா நான் இருக்க எடம் தெரியாது. பொறவு பின்னால நிக்க அம்பயர் மண்டையிலதான் போய் விழும்." ஸ்டெல்லாவின் கண்ணைத் தன் சட்டைத் தோளால் துடைத்துவிட்டு இசக்கி திரும்பிப் போனாள்.

வெளியே இப்படி இருக்க, உள்ளே ரகளை நடந்துகொண்டிருந்தது.

"நீங்கதான் என்னையக் கவுத்துட்டீங்க!" என்றது வலக்கை.

"நல்லாருக்கே! அசையாதன்னு சொன்னதாரு?" என்றது இடக்கால். அது அதிகம் பேசாது. பேசினால் தரையில் ஊன்றிப் பேசும். "திருச்செந்தூர் பஸ்ஸுல நின்னுட்டே போயிருக்கல்லா? டிரைவர் சடார்னு பிரேக் போட்டா, நிக்கவன் எங்கன போய் விழுதான்?"

"முன்னால."

"நான் ஓடிப்போய் முன்னால ஊனுதேம்லா, அதாம்ட்டி அந்த பிரேக். நான் நின்னாத்தான் மேல உள்ளவங்க போவாங்க. ஓடாம நின்ன பஸ்ஸுக்குப் பிரேக் போட்டு என்ன பிரயோசனம்?"

வலக்கை விடவில்லை. "அப்ப இதுக்கு முன்னால நீங்க எல்லாரும் ஆடத்தான செஞ்சீங்க? அப்பவும் எண்பத்தஞ்சுதான வந்துச்சு?" என்று கேட்டது.

இது நியாயமான கேள்வி. இடுப்பும் கொஞ்சம் யோசித்தது.

"சைக்கிள்ல ஹேண்டில்பார் இருக்குல்லா பிள்ளே, அதுல எடப்பக்கத்த நெஞ்சுக்கு இழுத்தா வலப்பக்கம் தன்னால முன்னுக்குப் போகும். நான் திரும்பும்போது எடப்பக்கம் இழுக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளத்தான் காணோம்." இடுப்பு குரலை உயர்த்தியது. "ஏட்டி இடக்கை! எங்கன இருக்க?"

"தொடைக்குப் பின்னால."

"அங்கன என்ன வேல?"

"மரியாதையா நிக்கேன்."

விலா எலும்புகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக மரியாதையாக நின்றே கிலோமீட்டர் கிலோமீட்டராகக் காவு கொடுத்திருக்கிறது!

"சிரிக்காதீங்க" என்றது இடக்கை. "முன்னால நீட்டுனா அம்மா அடிப்பா. அந்தா படிக்கட்டுல சாப்பாட்டுத் தூக்கோட உக்காந்திருக்கா. எனக்கு நீட்டிப் பழக்கமே இல்ல, அக்கா."

அன்றைக்கு இடக்கை அடிவாங்கியபோது, அந்த மிட்டாயைத் தின்றது தான்தான் என்று வலக்கைக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஏட்டி, வா" என்றது மெதுவாக. "என்னால ஒத்தையில முடியாது. வந்துரு."

"யாராவது வாங்களேன், நான் செத்துருவேன்" என்றது முழங்கை.

இடக்கை அசையவில்லை. பழகிப்போன கூச்சம் லேசில் விடுமா?

அந்த நேரம் பார்த்து எதிரே மட்டையோடு நின்றிருந்த துளசிமணி வாயைத் திறந்தாள். கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். திட்டினால்கூட விருந்துக்குக் கூப்பிடுவதுபோல்தான் இருக்கும்.

"ஏனுங்க, பந்து வர இன்னும் நேரமாகுமுங்களா? உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க, நானே அங்க வந்து வாங்கிக்கறனுங்க."

ஸ்டெல்லாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

ஜெபமணி குழாயடியில் சண்டை போடுவதை நீங்கள் பார்த்ததில்லை. குடத்தை வைத்துவிட்டு ஓரெட்டு முன்னால் எடுத்துவைத்து இடக்காலை ஊன்றினாள் என்றால் லாரி வந்தாலும் நகர மாட்டாள். இடுப்பு வெடுக்கென்று திரும்பும். ஒரு கை எதிராளியின் மூக்கைப் பார்த்து நீளும்: 'நீயாட்டி என்னையக் கேக்கது?' நீண்ட கை அப்படியே திரும்பி வந்து நெஞ்சில் அறையும்: 'நானாட்டி தண்ணி திருடுனவ?' அந்தச் சமயத்தில் அது இடது கையா வலது கையா என்றெல்லாம் ஜெபமணி பார்ப்பதில்லை. குழந்தையிலிருந்து ஸ்டெல்லாவின் உடம்பு இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது.

இடக்கைக்கு மரியாதை மறந்துபோனது.

தொடைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, கையுறையும் தானுமாகத் துளசிமணியின் மூக்குக்கு நேரே நீண்டது. 'நீயாட்டி கேக்கது?'

இடக்கால் ஓடிப்போய் மண்ணில் ஊன்றியது. அசையவில்லை. இடுப்பு வெடுக்கென்று திரும்பித் தன்னிடமிருந்த வேகத்தை நெஞ்சிடம் கொடுத்தது. நீண்ட இடக்கை திரும்பி வந்து நெஞ்சில் பொத்தென்று அறைந்தது. 'நானாட்டி?'

எறியத் தயாராகிக்கொண்டிருந்த வலக்கைக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பின்னாலிருந்து தன்னைத் தூக்கி வீசியதுபோல் இருந்தது. அத்தனை பேர் சேர்த்துக் கொடுத்த வேகம் முழங்கை வழியாக, மணிக்கட்டு வழியாக, விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது. வலக்கை செய்ததெல்லாம் பந்தை விட்டதுதான்.

இசக்கியின் கையுறையில் படாரென்று ஒரு சத்தம். காக்கைகள் பறந்தன.

துளசிமணி மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. "போயிருச்சுங்களா?" என்று பின்னால் திரும்பி இசக்கியிடம் கேட்டாள்.

"தொண்ணூற்று மூன்று" என்றது வேகமானி. தன்னை ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னது.

"வலிக்கவே இல்லட்டி!" என்று முழங்கை கத்தியது உடம்புக்குள் எல்லாருக்கும் கேட்டது.

தேர்வுக்குழுத் தலைவி மங்கையர்க்கரசி நாற்காலியை விட்டு எழுந்து மேட்டுக்கே வந்தாள். "வந்துரும்மா, நீ டீம்ல இருக்க" என்று சொல்லிக் குலுக்குவதற்குக் கையை நீட்டினாள்.

ஸ்டெல்லா குனிந்திருந்தாள். ஊன்றிய வேகத்தில் இடக்கால் ஷூவின் நாடா அவிழ்ந்துபோயிருந்தது. வலக்கை அந்த நாடாவை ஷூவுக்குள் செருகி, ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் அது காலைத் தொட்டது முள் குத்தியபோது மட்டும்தான்.

"எந்திரி அக்கா, ஒன்னயத்தான் கூப்பிடுதாவ" என்றது இடக்கை.

"எனக்கு வேல கெடக்கு. நீ போ."

இடக்கை தயங்கித் தயங்கிப் போனது. மங்கையர்க்கரசி ஏதும் நினைக்காமல் அதைக் கையுறையோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினாள்.

படிக்கட்டிலிருந்து ஜெபமணியின் குரல் மைதானமே திரும்பிப் பார்க்கும்படி வந்தது. "ஏ மூதி! பெரியவங்களுக்கு இடது கையயா குடுக்க?"

இடக்கை பழையபடி தொடைக்குப் பின்னால் நழுவப் பார்த்தது.

வலக்கை ஷூவிலிருந்து நிமிரவே இல்லை. "இழுக்காதட்டி. பந்தை எறிஞ்சது நீதான்."