வட்டத்துக்குள் நின்ற கடா

“என் கடா ஏன் நிக்கவே மாட்டேங்கு, தாயி?” என்று கேட்டார் பலவேசம்.

சிவனணைந்தாள் ஒரு கடாவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதைக் கண்டு துள்ளுது, அண்ணாச்சி?”

“ஒண்ணையும் கண்டு இல்ல. நடுவர் முதுகுல கைய வச்சாப் போதும், துள்ளிருது.”

முள்ளிக்கரைச் சந்தையில் ஆண்டுதோறும் கறிக்கடாக் கண்காட்சி நடைபெறும். தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் இடுவார்கள். வளர்த்தவர் தம் கடாவை அதனுள் நிறுத்திக் கயிற்றை விட்டுவிட வேண்டும். நடுவர் வந்து முதுகுத்தண்டைத் தடவுவார்; விலாவை அழுத்துவார்; தொடையைப் பிடித்துப் பார்ப்பார். நான்கு கால்களையும் ஊன்றி, இமையும் அசையாமல் நிற்கும் கடாவுக்கே மாலை. மாலை விழுந்த கடாவை அன்று மாலையே அறுத்து, நடுவர் கை சொன்னதைக் கறியும் சொல்கிறதா என்று ஊர் கூடிப் பார்க்கும்.

பலவேசத்தின் கடாக்கள் இரண்டு ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் குதித்துவிட்டன. மூன்றாம் முறையும் குதித்தால் அவருடைய கயிற்றைச் சபை நடுவே அறுத்துப் போடுவார்கள். அதன்பின் உயிருள்ளவரை அவர் அந்த வட்டத்தில் கடா நிறுத்த முடியாது. மனைவியும் இல்லாமல், மக்களும் இல்லாமல், கடா வளர்ப்பதொன்றையே வாழ்வாகக் கொண்டவர் அவர்.

சிவனணைந்தாள் அவரைக் காட்டிலும் வெகு இளையவள். ஆனாலும் அவள் வளர்த்த கடா எதுவும் ஒருநாளும் துள்ளியதில்லை. எனவே வெட்கத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு, அறுபது வயதில் சீடராக வந்து சேர்ந்தார்.

அவளுடைய பட்டி அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆடு உள்ள இடத்தில் கத்தல் இருக்கும், முட்டல் இருக்கும். அங்கே அசைபோடும் ஓசைகூட எழவில்லை. அவர் படலைத் திறந்தபோது எல்லாக் கடாக்களும் ஒருசேரத் தலை திருப்பின. தழை கொண்டு வருகிறவனைப் பார்க்கும் பார்வை அன்று அது. துக்கம் கேட்க வந்தவரைப் பார்க்கும் பார்வை.

“என்ன தாயி இதுங்க, இப்படிப் பாக்கு?”

“பழகிரும்” என்றாள் அவள். யாருக்கு என்று சொல்லவில்லை.

அவள் சொன்னபடியெல்லாம் அவர் செய்தார். கம்பும் பிண்ணாக்கும் அளவறிந்து வைத்தார். சதை இறுகும்படி விடியலில் தம் கடாவை மேட்டில் ஏற்றி இறக்கினார். சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, மயிரைக் கத்தரித்து, கொம்புக்கு எண்ணெய் பூசினார். கடாவின் முதுகு திண்டுபோல் அகன்று மின்னியது.

தொட்டால் மட்டும் துள்ளியது.

“தீனி சரியில்லையோ?”

“தீனி நல்லாத்தான் இருக்கு.”

“என் கைதான் ஆகலையோ?”

“கையும் நல்ல கைதான்.” அவள் சற்று நேரம் கடாவையே பார்த்திருந்தாள். “இதுகிட்ட என்ன பேசுவீங்க, அண்ணாச்சி?”

பலவேசம் கூசினார். “என்னத்தப் பேச? ராசாம்பேன். உனக்கு ஒண்ணும் ஆகாது ராசாம்பேன்.”

“அறுப்புக்காரர் தெருவோட போனா?”

“கதவைச் சாத்திருவேன். புள்ள பாத்திரக் கூடாதுல்லா?”

அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். பட்டியிலிருந்த கடாக்கள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தன.

கண்காட்சி நாள் வந்தது.

சிவனணைந்தாள் தன் கடாக்களின் காதருகே குனிந்து, ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். சொல் விழுந்த கணத்தில் கடா கல்லாயிற்று. வாயில் இருந்த தழை வாயிலேயே நின்றது.

“அந்த மந்திரத்த எனக்கும் சொல்லுங்க தாயி.”

“மந்திரம் இல்ல அண்ணாச்சி. சேதி.”

“என்ன சேதி?”

“எப்ப, எங்க, யார் கையாலன்னு.”

பலவேசம் தம் கடாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுக்குப் புரியுமா?”

அதற்குள் அவர் பெயரைக் கூவி அழைத்துவிட்டார்கள்.

“பலவேசம் அண்ணாச்சி! கடாவுக்கு றெக்கையும் ஒட்டிக் கொண்டாந்தாச்சா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“அரிவாளத் தீட்டுங்கடே, கயிறு வருது!” என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்குமுன் அவர் கடாவை வட்டத்துக்குள் நிறுத்தினார். அது நடுங்கத் தொடங்கியிருந்தது. எதிர்ப்புறம் நடுவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பலவேசம் கடாவின் காதருகே குனிந்தார்.

“ராசா… உனக்கு ஒண்ணும்…”

“அப்படிச் சொன்னாத் துள்ளும்” என்றாள் பின்னால் வந்து நின்ற சிவனணைந்தாள்.

“எனக்கு வாய் வரல்ல, தாயி. நீங்களே சொல்லிருங்க.”

“வளத்தவங்க வாயாலதான் வரணும்.”

“எப்படிச் சொல்ல? எனக்குத் தெரியலயே!”

“ஒருதடவ கேட்டுட்டா வந்துரும்.”

அவள் அவருடைய காதருகே வாயை வைத்தாள். மூச்சில் பச்சைத் தழை வாடை வீசியது.

அவள் சொன்னது கடாவுக்குரியது அன்று. அவருக்குரிய சேதி. இன்ன மாதம், இன்ன கிழமை, இன்ன வேளை. இன்ன இடம். அப்போது அருகில் இருக்கப்போவது இன்னார்.

சந்தை இரைச்சல் எங்கோ தொலைவுக்குப் போயிற்று.

பலவேசம் மெல்லக் கடாவின் காதருகே குனிந்தார். அன்று மாலை நடக்கவிருப்பதை ஒன்றுவிடாமல் அதற்குச் சொன்னார். குரல் பிசிறவில்லை. கயிற்றை விட்டு நிமிர்ந்தார்.

நடுவர் முதுகைத் தடவினார். விலாவை அழுத்தினார். தொடையைப் பிடித்தார்.

கடா நின்றது.

நடுவர் மாலையை எடுத்துக் கடாவின் கழுத்தில் இட்டார். மேளம் முழங்கிற்று. சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

நடுவர் கயிற்றை எடுத்துப் பலவேசத்திடம் நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் பலவேசத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கடாதான் நிக்கணும். நீங்க அசையலாம்.”