வெள்ளைக் கட்டைகளில் வந்த அழுகை

மகன் கல்யாணத்துக்கென்று தானே மெட்டுப் போட்ட பாட்டோடு பிரிசில்லா டீச்சரிடம் வந்து சேர்ந்தார் தேவசகாயம். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பாளையங்கோட்டைப் பக்கம் கீபோர்டில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை. கூச்சம் பார்க்காமல் சிஷ்யனாக உட்கார்ந்தார்.

மனைவி செல்லக்கனி போன வருஷம் தவறியிருந்தாள். கல்யாணத்தில் அந்தப் பேச்சே எழக்கூடாது, ஒருவர் கண்ணும் கலங்கக்கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அம்மா படத்தை மேடையில் வைக்கலாமா என்று கேட்ட மகனோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தார். பாட்டை மேஜர் ஸ்கேலில் போட்டதும் அதனால்தான். அது சந்தோஷமான ஸ்கேல்; அவர் சுருதிக்கு அதன் ஏழு சுரமும் வெள்ளைக் கட்டைகளிலேயே விழும், சோகமான ஸ்கேலுக்குத்தான் கறுப்புக் கட்டை வேண்டும்.

அந்த ஸ்கேலில் கார்ட் பிடிக்க டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஒரு சுரத்தைப் பிடித்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததைப் பிடிக்க வேண்டும். இப்படி மூன்று சேர்ந்தால் ஒரு கார்ட்.

ச, க, ப. பளிச்சென்று ஒலித்தது.

ரி, ம, த. அழுவதுபோல ஒலிக்கவே தேவசகாயம் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டார்.

விரல் தவறியிருக்குமோ என்று மறுபடி அமுக்கிப் பார்த்தார். அதே அழுகைதான் வந்தது. க, ப, நி பிடித்தார். அதுவும் அழுதது.

"கறுப்புக் கட்டை ஒண்ணையும் தொடலையே, டீச்சர். இந்த அழுகை எங்கேயிருந்து வருது?"

டீச்சர் கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டைப் பாடச் சொன்னார்.

அவர் பாட, முதல் தடவை டீச்சர் ச, ம, ப என்ற மூன்று சுரங்களில் எழும் சிரித்த கார்டுகளை மட்டும் வாசித்தார். பாட்டு கல்யாண ஊர்வலமாக நடந்தது. தேவசகாயம் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுபடி பாடச் சொன்னார். இம்முறை டீச்சரின் இடது கை அழுகிற கார்டுகளுக்குப் போனது: ரி கார்டில் இறங்கியது, க கார்டில் நின்றது, த கார்டில் போய் அமர்ந்தது.

இரண்டாம் அடியில் தேவசகாயத்தின் குரல் உடைந்தது. ஆஸ்பத்திரியிலும் கல்லறைத் தோட்டத்திலும் வராத அழுகை, வாயில் சொல் இருக்கும்போதே வந்துவிட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். யாரோ அறைந்ததுபோல விக்கித்துப்போனார்.

"என் மெட்டை என்ன செஞ்சீங்க?"

டீச்சர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மெட்டுல ஒரு சுரத்தைக்கூட நான் மாத்தலை, அண்ணாச்சி. அதுக்குக் கீழே வச்ச கார்டெல்லாம் உங்க ஸ்கேல்ல இருந்ததுதான்."

தேவசகாயம் கையை நீட்டி ரி, ம, த பிடித்தார்; இம்முறை கையை எடுக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.